வீக்கத்துக்குள் இருப்பது கெட்ட நீரா?

எங்கள் பெரியம்மாவுக்கு உடம்பில் எந்த இடம் வீங்கினாலும் ஒரே விளக்கம்தான்: “கெட்ட நீர் எறங்கிருக்கு.” பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து கணுக்கால் வீங்கினாலும் அதுதான், குளவி கொட்டினாலும் அதுதான், சாதம் வடிக்கும்போது கஞ்சி கையில் பட்டுக் கொப்புளம் போட்டாலும் அதுதான். கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வெளியே எடுத்துவிட்டால் பாதி வியாதி போய்விடும் என்று நம்புவார். பெரியம்மாவை மட்டும் சொல்வானேன்? தோலில் தடிப்பு வந்தால் ரத்தத்தில் நச்சு சேர்ந்துவிட்டது, உடல் அதை வெளியே தள்ளுகிறது என்று நன்றாகப் படித்தவர்களே வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். கூடவே ரத்தசுத்திக்கு ஒரு கஷாயமும் வருகிறது.

கொப்புளம் உடைந்து வடியும் நீரை ஒரு முறை உற்றுப் பாருங்கள். வெளிர் மஞ்சள், தெளிவாக இருக்கும். விரலில் லேசாகப் பிசுபிசுக்கும். வேட்டியில் பட்டுக் காய்ந்தால் அந்த இடம் கஞ்சி போட்டதுபோல விறைத்துக்கொள்ளும். தோலிலேயே காய்ந்தால் மஞ்சளாகப் பொருக்குத் தட்டும். குழாய்த் தண்ணீர் காய்ந்தால் இப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. விறைப்பும் பொருக்கும் புரதத்தின் வேலை. அந்தப் புரதம் எங்கிருந்தோ வந்த கழிவு கிடையாது. சற்று முன்புவரை உங்கள் ரத்தக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த சரக்கு. அது எப்படிக் குழாயை விட்டுத் தோலுக்குள் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ரத்தத்தில் சிவப்பைக் கழித்தால்

ஆய்வகத்தில் ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து, உறையாமல் மருந்து சேர்த்து, வேகமாகச் சுற்றினால் அது இரண்டாகப் பிரியும். அடியில் சிவப்பணுக்கள் படியும். மேலே வெளிர் மஞ்சளாக ஒரு திரவம் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. கொப்புளத்து நீருக்கும் இதற்கும் நிறம் ஒன்றுபோல இருப்பது தற்செயல் இல்லை.

100 மில்லி பிளாஸ்மாவில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அல்புமின் என்ற ஒரே புரதம். கல்லீரல் செய்து அனுப்புவது. பெயர் முட்டையின் வெள்ளைக்கருவுக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குணமும் கிட்டத்தட்ட அதேதான்: சூடாக்கினால் வெள்ளையாகத் திரளும். மீதியில் கிருமிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள், ரத்தம் உறைவதற்கான ஃபைப்ரினோஜன் இவையெல்லாம் அடக்கம். அளவிலும் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. அல்புமினைப்போல ஆன்டிபாடி இரண்டு மடங்குக்கு மேல் கனம், ஃபைப்ரினோஜன் ஐந்து மடங்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாங்காயும் உப்பும்

நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி ஜாடியில் வைத்தால், காலையில் அடியில் நீர் நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வெளியே உப்பு அதிகம், எனவே மாங்காய்க்குள் இருந்த நீர் அந்தப் பக்கம் நகர்ந்தது. கரைந்த பொருள் எங்கே அதிகமோ, அது தடுப்பைத் தாண்ட முடியாததாக இருந்தால், நீர் அதைத் தேடிப் போகும்.

ரத்தக் குழாய்க்குள் அந்த உப்பின் வேலையைப் பார்ப்பது புரதம்தான். உண்மையான உப்பும் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அது குழாய்ச் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடுவதால் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருக்கும்; இழுவிசை எதுவும் கிடைக்காது. புரதம் பெரியது, எளிதில் தாண்டாது, ஆகவே அது உள்ளிருந்து நீரைப் பிடித்து வைக்கிறது. இதயம் தள்ளுவதால் வரும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. புரதம் உள்ளே இழுக்கிறது. இந்த இழுபறியை 1896-இல் முறையாக விளக்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். புரதத்தின் இழுவிசை சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அளவு. உங்கள் இரத்த அழுத்தம் 120 என்று சொல்கிறோமே, அதே அளவுகோலில் 25.

இதிலிருந்தே ஒன்று புரிந்துவிடும். புரதம் உள்ளே இருக்கும்வரை நீர் கட்டுப்பாட்டில் இருக்கும். புரதமே வெளியே போய்விட்டால்? உப்பு மாங்காய்க்குள் புகுந்துவிட்ட கதைதான். நீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

வாய்க்கால், வயல், வடிகால்

இப்போது தோலுக்கு வருவோம். ரத்தக் குழாய்கள் கிளைபிரிந்து கிளைபிரிந்து முடிவில் ஒரு சிவப்பணு நெருக்கியடித்துப் போகுமளவுக்கு மெலிகின்றன. இவை தந்துகிகள். தந்துகிகள் ஒன்றுசேர்ந்து திரும்பும் பாதையில் உருவாகும் மிகச் சிறிய குழாய்கள் நுண்சிரைகள். நம் கதையின் நாயகன் நுண்சிரைதான். பள்ளிப் படத்தில் அதற்கு ஒரு அம்புக்குறிகூட இருக்காது, பாவம்.

தோலின் செல்கள் இந்தக் குழாய்களைத் தொட்டுக்கொண்டு இருப்பதில்லை. குழாய்க்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஈரம் நிறைந்திருக்கிறது. அதுதான் திசுநீர். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, வயலில் பரவுகிறது, மிஞ்சியது வடிகாலில் போகிறது. ரத்தக் குழாய் வாய்க்கால், திசு வயல். வடிகால் என்பது நிணநீர் நாளங்கள்: திசுவில் தேங்கும் நீரையும் அதிலுள்ள புரதத்தையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கழுத்தடியில் மறுபடி ரத்தத்தில் சேர்க்கும் தனிக் குழாய்த் தொகுதி.

இங்கே பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆரோக்கியமான உடம்பில் புரதம் குழாயைவிட்டு வெளியே வரவே வராது என்று நினைக்கிறோம். வருகிறது. ரத்தத்திலுள்ள அல்புமினில் மணிக்குச் சுமார் 5 சதவீதம் வெளியேறுகிறது. கணக்குப் போட்டால், ஒரு நாளில் ரத்தத்தின் அல்புமின் முழுவதும் ஒரு முறை வெளியே போய்த் திரும்பிவிடும் அளவு. எந்த நேரத்தில் பார்த்தாலும் உடம்பின் மொத்த அல்புமினில் பாதிக்கு மேல் ரத்தத்துக்கு வெளியேதான் இருக்கும், அதில் பெரும் பங்கு தோலில். ஆக, உங்கள் தோல் இப்போதும் அல்புமினில் ஊறித்தான் கிடக்கிறது. வெளியேறும் வேகமும் வடியும் வேகமும் சமமாக இருப்பதால் வீக்கம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இடைச்செருகலாகச் சொல்லிவிடுகிறேன். தந்துகியின் ஒரு முனையில் நீர் வெளியேறி மறுமுனையில் அப்படியே திரும்ப உள்ளே போகிறது என்று நமக்கெல்லாம் அழகாகப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரும்பாலான திசுக்களில் அது அப்படி நடப்பதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. குழாய் நெடுகிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேதான் கசிகிறது. திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு வடிகாலுடையது. படம் மட்டும் இன்னும் மாறவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ரத்தத்தின் நீரைப் பிடித்து வைப்பது புரதம். அதில் சிறு பங்கு எப்போதும் திசுவுக்குள் கசிகிறது. நிணநீர் அதைத் திருப்பிக் கொண்டுபோகிறது.

கொசு கடித்த ஐந்து நிமிடம்

சாயங்காலம் மொட்டை மாடி. முழங்கையில் கொசு உட்கார்ந்து எழுந்து போய்விட்டது. முதலில் ஒரு புள்ளி சிவக்கிறது. அரிக்கிறது. ஓரிரு நிமிடத்தில் நடுவில் வெளிறிய ஒரு மேடு எழும்புகிறது, சுற்றிலும் சிவப்பு. ஐந்து பத்து நிமிடத்தில் பத்துப் பைசா அளவுக்குத் தடித்துவிடுகிறது.

இந்த நேரத்தில் உள்ளே நடந்தது இது. கொசு ரத்தத்தை உறிஞ்சும்போது தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. எச்சிலிலுள்ள சில புரதங்களை உங்கள் உடல் முன்பே அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. தோலில் ரத்தக் குழாய்களை ஒட்டி மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் வயிறு முழுக்கச் சிறு சிறு பொட்டலங்கள். அடையாளம் பொருந்தியதும் பொட்டலங்கள் வெடித்து உள்ளிருக்கும் சரக்கு வெளியே கொட்டுகிறது. அதில் முக்கியமானது ஹிஸ்டமின்.

ஹிஸ்டமின் மூன்று காரியம் செய்கிறது. நரம்பு நுனியைச் சீண்டுகிறது, அதனால் அரிப்பு. சிறு தமனிகளைத் தளர்த்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. சிவப்பும் சூடும் அதனால். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: நுண்சிரையின் சுவரைத் திறக்கிறது.

நுண்சிரையின் சுவர் என்றால் சிமெண்ட் குழாய்போல நினைக்கக்கூடாது. தட்டையான செல்கள் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும் ஒற்றை வரிசை அது. தேர்த்திருவிழாவில் கூட்டத்தைத் தடுக்கக் காவலர்கள் கைகோத்து வரிசையாக நிற்பார்களே, அப்படி. தண்ணீர் பாக்கெட் கைமாறும், குழந்தைகள் எப்போதாவது நுழைந்துவிடும், பெரிய ஆள் தாண்ட முடியாது. இந்தச் செல்களுக்குள் தசையில் இருப்பதுபோன்ற சுருங்கும் இழைகள் இருக்கின்றன. ஹிஸ்டமின் வந்து தொட்டதும் கோத்த பிடி தளர்கிறது, ஒவ்வொரு செல்லும் தன்னைக் குறுக்கிக்கொள்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உதறித் தோளைக் குறுக்கினால் வரிசையில் என்ன ஆகும்? நடுநடுவே சந்து விழும்.

அந்தச் சந்து ஒரு மைக்ரானுக்கும் குறைவானது, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நமக்கு அது ஒன்றுமே இல்லை. அல்புமினுக்கோ தன்னைப்போலப் பல மடங்கு அகலமான வாசல். ஆன்டிபாடியும் போகலாம், ஃபைப்ரினோஜனும் போகலாம். சாதாரண நாளில் ஆள் பார்த்து, அளவு பார்த்து விட்ட சுவர் இப்போது எல்லோரையும் விடுகிறது. புரதம் போனதும் அதன் பின்னாலேயே நீரும் போகிறது. மேடு எழும்புகிறது. உள்ளே சேர்ந்த நீர் அங்கிருக்கும் நுண்குழாய்களை நசுக்குவதால்தான் மேட்டின் நடு வெளிறிப்போகிறது.

இந்த நிகழ்வுத் தொகுதிக்குப் பெயர் அழற்சி: திசுவுக்குக் காயமோ, கிருமியோ, ஒவ்வாத பொருளோ வந்தால் உடல் ரத்தத்திலிருந்து ஆட்களையும் சாமான்களையும் அந்த இடத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற நான்கு அடையாளங்களையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். வீக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு அதன்பின் 1,900 ஆண்டு ஆயிற்று.

நீலமாகிப்போன கினிப் பன்றிகள்

கண்ணால் பார்த்த கதை சுவையானது, சற்று நின்று சொல்கிறேன்.

லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் மழுங்கிய முனையால் தோலில் கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் கோடு சிவக்கும், பிறகு சுற்றிலும் சிவப்புப் பரவும், பிறகு கோடே தடிக்கும். கத்தியில்லை, கிருமியில்லை, வெறும் கீறல். தோலே ஏதோ ஒரு பொருளை வெளிவிடுகிறது, அது ஹிஸ்டமினைப் போன்றது என்று 1927-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். உறுதியாகத் தெரியாததால் அதற்கு ‘எச்-பொருள்’ என்று அடக்கமாகப் பெயர் வைத்தார். சிலருக்கு இந்த எதிர்வினை மிக அதிகம். நகத்தால் முதுகில் பெயரெழுதினால் எழுத்து அப்படியே புடைத்து நிற்கும்.

தடிப்பது சரி, வெளியே வருவது வெறும் நீரா, புரதமா? 1952-இல் மைல்ஸ் தம்பதியர் செய்த சோதனை இதற்கு எளிமையான வழி காட்டியது. ஒரு வகை நீலச் சாயம் ரத்தத்தில் கலந்தால் அல்புமினோடு ஒட்டிக்கொள்ளும். அல்புமின் எங்கே போகிறதோ நீலமும் அங்கே போகும். கினிப் பன்றியின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திவிட்டு, தோலில் ஓரிடத்தில் துளி ஹிஸ்டமினை ஊசியால் போட்டார்கள். சில நிமிடங்களில் சரியாக அந்த இடத்தில் மட்டும் நீலத் திட்டு விழுந்தது. பக்கத்தில் வெறும் உப்புநீர் போட்ட இடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அல்புமின் கசிகிறது என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சாட்சி வேண்டுமா? மருந்து ஆய்வகங்களில் இந்த முறை இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது.

எந்தக் குழாய், எந்தச் சந்து என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1961-இல் குய்தோ மேனோவும் ஜார்ஜ் பலாடேயும் எலிகளின் ரத்தத்தில் மிக நுண்ணிய கருந்துகள்களைக் கலந்து ஹிஸ்டமின் கொடுத்தார்கள். துகள்கள் கசியும் இடத்தில் மாட்டிக்கொண்டு குழாய்ச் சுவரைக் கறுப்பாக்கும். பார்த்தால் தந்துகிகள் சுத்தமாக இருந்தன, கறுத்துப்போயிருந்தவை நுண்சிரைகள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே விழுந்த சந்துகள் படத்திலேயே தெரிந்தன. தந்துகிதான் மெல்லியது, அதுதான் ஒழுகும் என்று எவரும் நினைப்பார்கள். ஒழுகியது அடுத்த வீடு.

பிழிந்த ஸ்பாஞ்சை விட்டால்

சுவரில் சந்து விழுந்தது என்பதோடு பெரும்பாலான விளக்கங்கள் முடிந்துவிடும். வயலின் பக்கமும் ஒரு மாற்றம் நடக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

தோலின் திசு ஒரு ஸ்பாஞ்சு மாதிரி. அதில் நீரை உறிஞ்சி உப்ப விரும்பும் ஜெல் போன்ற பொருள் இருக்கிறது. அதை உப்பவிடாமல் கொலாஜன் நார்கள் வலைபோலக் கட்டி வைத்திருக்கின்றன. அந்த நார்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு சில செல்கள் நிற்கின்றன. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருப்பது போன்ற நிலை இது. அழற்சியின்போது அந்தச் செல்கள் பிடியை விடுகின்றன. தண்ணீருக்குள் வைத்துக் கையைத் திறந்தால் ஸ்பாஞ்சு என்ன செய்யும்? விரிந்து, நீரைத் தானே உறிஞ்சும். திசுவும் அப்படித்தான் உறிஞ்சுகிறது.

நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோல்ஃப் ரீட், ஹெல்கே வீக் முதலானோர் இதை அளந்து காட்டினார்கள். எலியின் தோலில் திசுநீரின் அழுத்தம் சாதாரணமாகவே பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான். தீக்காயம் பட்டதும் அது தடாலென்று மேலும் கீழே இறங்குகிறது, கடுமையான உறிஞ்சுவிசையாக. கொதிநீர் பட்ட கை ஏன் அத்தனை வேகத்தில் உப்புகிறது என்பதற்கான விடையில் பாதி இதில் இருக்கிறது.

ஆக, வாசல் திறந்தது ஒரு பக்கம். உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் கூடியது இன்னொரு பக்கம். வெளியிலிருந்து திசு உறிஞ்சுவது மூன்றாவது. வெளியேறிய புரதம் தன் பங்குக்கு நீரை இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே திசையில்.

வெளியே வந்து என்ன கிழிக்கிறது?

உடல் இவ்வளவு மெனக்கெட்டுப் புரதத்தை வெளியே விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆன்டிபாடி ரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், முள் குத்திய இடத்தில் புகுந்த கிருமியை யார் பிடிப்பது? கிருமியை ஓட்டையிடும், வெள்ளையணுக்களை அழைக்கும் நிரப்புப் புரதங்கள் என்ற கூட்டமும் ரத்தத்தில்தான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வாசல் திறந்தால்தான் இவை களத்துக்கு வர முடியும். வெள்ளையணுக்கள் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். புரதங்கள் நிமிடங்களில் வந்துவிடுகின்றன. முதலில் வரும் படை இதுதான்.

ஃபைப்ரினோஜனின் வேலை வேறு. திசுவுக்குள் வந்ததும் அது ஃபைப்ரின் என்ற நூல் வலையாக உறைகிறது. கட்டி வரப்போகும் இடம் முதல் நாள் மெத்தென்றும் அடுத்தடுத்த நாளில் கல்லுப்போலவும் இருப்பதற்கு இந்த வலையும் ஒரு காரணம். காசநோய்க்கான மான்டூ பரிசோதனை பலருக்கும் நடந்திருக்கும். முன்கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வரச்சொல்லி, ஸ்கேலை வைத்து அளப்பார்கள். சிவப்பை அளப்பதில்லை. விரலால் தடவி, கெட்டியாக இருக்கும் பரப்பை மட்டும் அளப்பார்கள். வந்து குவிந்த வெள்ளையணுக்களோடு அந்தக் கெட்டித்தன்மைக்கு ஃபைப்ரினும் பங்களிக்கிறது.

எனவே பெரியம்மாவின் ஊசி வைத்தியம் வேண்டாம் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கொப்புளத்துக்குள் இருப்பது அழுக்கு இல்லை; கிருமியைத் தடுக்க வந்த சரக்கு. மேலே மூடியிருக்கும் தோல் அதற்கு உறை. குத்தினால் உறையும் போகும், ஊசி வழியாகக் கிருமியும் வரும்.

எல்லா வீக்கமும் ஒன்று இல்லை

பஸ்ஸில் உட்கார்ந்து வீங்கிய கணுக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழும், மெதுவாக நிரம்பும். இங்கே சுவரில் சந்து எதுவும் விழவில்லை. காலைத் தொங்கவிட்டதால் குழாய்க்குள் அழுத்தம் கூடி, நீர் மட்டும் அதிகமாக வடிந்திருக்கிறது. புரதம் குறைந்த நீர். சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் விட்டுவிடும் நோயில் முகமும் காலும் வீங்குவது வேறு வழி: உள்ளே அல்புமின் குறைந்து நீரைப் பிடித்து வைக்க ஆளில்லை.

யானைக்கால் மூன்றாவது வகை. கொசு கொண்டுவரும் ஃபைலேரியா புழு நிணநீர் நாளங்களில் குடியிருந்து அவற்றைக் கெடுக்கிறது. வடிகால் அடைபட்டால் வயலில் தேங்குவது நீர் மட்டுமில்லை, திரும்பிப் போகவேண்டிய புரதமும்தான். ஆண்டுக்கணக்கில் தேங்கும் புரதநீரோடு அடிக்கடி வரும் கிருமித்தொற்றும் சேர்ந்து தோலைத் தடிக்கவைத்துக் கெட்டியாக்கிவிடும். அழுத்தினால் குழிகூட விழாது.

மருத்துவர்களுக்கு இந்த வேறுபாடு நடைமுறைக் கேள்வி. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டால் ஊசியால் கொஞ்சம் எடுத்து முதலில் புரதம்தான் பார்ப்பார்கள். ரத்தத்திலுள்ளதில் பாதிக்கு மேல் இருந்தால் தொற்று, அழற்சி போன்ற காரணங்களின் பக்கம் சந்தேகம் திரும்பும். மிகக் குறைவாக இருந்தால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று தேடுவார்கள்.

டெங்கு பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலம் வந்தால் ஊரெல்லாம் தட்டணு எண்ணிக்கையைத்தான் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்கிறோம். டெங்குவில் உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவருவதில் முதன்மையானது பிளாஸ்மா கசிவு. உடம்பின் பல இடங்களில் குழாய்ச் சுவர் தளர்ந்து, புரதநீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிடும். ரத்தம் கெட்டிப்பட்டு, அழுத்தம் விழும். அதுவும் காய்ச்சல் விட்டுவிட்டது, அப்பாடா என்று நாம் மூச்சு விடும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில். மருத்துவமனையில் ரத்தத்தின் கெட்டித்தன்மையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காகத்தான். கொசு கடித்த இடத்தில் பத்துப் பைசா அளவுக்கு நடந்தது உடம்பு முழுக்க நடந்தால் என்னவாகும் என்பதற்கு இது ஓர் உதாரணம். கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி இன்னொன்று. அதில் சில நிமிடங்களிலேயே பிளாஸ்மாவில் கணிசமான பங்கு வெளியேறிவிடும். அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து, மாத்திரை தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

காணாக்கடியும் துண்டு போட்ட சீட்டும்

எது கடித்தது என்றே தெரியாமல் உடம்பெங்கும் திட்டுத்திட்டாகத் தடிப்பதை நம்மூரில் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குப் படாத பூச்சி கடித்துவிட்டது என்ற பொருளில் வந்த பெயர். உண்மையில் பூச்சியே தேவையில்லை. மாஸ்ட் செல்கள் வேறு ஏதோ காரணத்தால் பொட்டலத்தை அவிழ்த்துவிட்டாலும் இதே கதைதான். கெட்டுப்போன மீனில் ஹிஸ்டமினே நேரடியாக இருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை ஐஸ் இல்லாமல் வைத்தால் பாக்டீரியா அதை உண்டாக்கிவிடும், சமைத்தாலும் போகாது. தடிப்புக்கு மீனைக் குறை சொல்லும் பாட்டிகள் எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு அவில், சிட்ரிசின் என்று கொடுக்கிறார்கள். அவை கசிந்த நீரை உறிஞ்சுவதில்லை, ரத்தத்தைச் சுத்தம் செய்வதும் இல்லை. குழாய்ச் சுவரின் செல்களில் ஹிஸ்டமின் வந்து உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர். மாத்திரை அந்த சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. புதிதாகச் சந்து விழாது. ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட புரதமும் நீரும் வடிகால் வழியாகத்தான் போயாகவேண்டும். மாத்திரை போட்டும் தடிப்பு உடனே அமுங்கவில்லையே என்று அடுத்த அரைமணியில் இன்னொன்று போடுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வாசலைத் திறக்க ஹிஸ்டமின் மட்டுமே சாவி இல்லை. பிராடிகைனின் என்று இன்னொன்று உண்டு. எனலாபிரில், ராமிபிரில் போன்ற, ‘பிரில்’ என்று முடியும் பிரஷர் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு அது உடலில் சேர்ந்து உதடும் நாக்கும் வீங்கும். அரிப்பு இருக்காது. அவிலுக்கு இது பெரிதாக அசையாது. நாக்கு வீங்கினால் மூச்சு அடைக்கும், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய விஷயம்.

சாதாரணக் காணாக்கடியில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். தொடையில் ஒரு தடிப்பைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவிடுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் அதே தடிப்பு அதே இடத்தில் இருந்தாலோ, அமுங்கியபின் கன்றிய கறை விட்டாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும். குழாய்ச் சுவரே புண்பட்டிருக்கலாம். பெரும்பாலும் அப்படி ஆகாது. மறுநாள் காலையில் வேறெங்காவது புதிதாக இரண்டு தடிப்பு எழும்பியிருக்கும். நேற்றைய வட்டத்துக்குள்ளே தோல் சமமாக, ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அங்கே கசிந்த அல்புமின் நிணநீரில் ஏறித் தொடை, வயிறு, நெஞ்சு என்று பயணம் செய்து, இடது காறையெலும்புக்குப் பின்னால் மறுபடி ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.